மலையை வெட்டினால் மீன்குழம்பு போகும்!

வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்கு மதுரையைச் சுற்றிக் காட்டச் சொல்லி யாரிடமாவது ஒப்படைத்துப் பாருங்கள். காலையில் மீனாட்சியம்மன் கோயில். வெயில் ஏறியதும் நாயக்கர் மகால். சாயங்காலம் ஜிகர்தண்டா, ராத்திரி கறிதோசை. பஸ் ஏற்றிவிடும்போது கையில் ஒரு சுங்குடிச் சேலை, தலையில் இரண்டு முழம் மல்லி. அவ்வளவுதான், மதுரை முடிந்தது! சுங்குடிக்கு 2005-லும் மல்லிக்கு 2013-லும் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. ஜிகர்தண்டா பெயரில் 2014-ல் சினிமாவே வந்தாயிற்று. இன்னும் என்ன வேண்டும்?

இந்தப் பட்டியலில் இருப்பது எதுவும் பொய் இல்லை. ஜிகர்தண்டாவோடு யாருக்கும் சண்டையும் இல்லை. சிக்கல் என்னவென்றால், சுற்றுலாக் கையேடு வரைந்த மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் மேலூர் ரோட்டில் இருப்பதெல்லாம் "காலி இடம்". காலி இடம் என்றால் என்ன செய்யலாம்? எதை வேண்டுமானாலும் செய்யலாம்!

அந்தக் காலி இடத்தின் வாசல்தான் ஒத்தக்கடை. அரசுப் பதிவுகளில் யா.ஒத்தக்கடை. அந்த "யா"வுக்கு விரிவு யானைமலை. ஐகோர்ட் கிளைக்குப் போகிறவர்கள் (2004-ல் திறந்தது), விவசாயக் கல்லூரிக்குப் போகிறவர்கள் (1965 முதல் இருக்கிறது), திருச்சி, சென்னை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவர்கள் எல்லோருக்கும் அந்த மலை தெரியும். துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானை. மதுரையில் பல மொட்டை மாடிகளிலிருந்து பார்த்தால்கூட தெரியும். சமணர்கள் ஏவிய யானையைச் சொக்கநாதர் கல்லாக்கினார் என்பது திருவிளையாடல் கதை. கதையை விடுங்கள். மலையிலேயே உள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டு, கி.பி. முதல் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் காலம் கணித்தது, இந்த மலையை "இவ குன்றம்" என்கிறது. இபம் என்றால் யானை. ஆக, கிட்டத்தட்ட 2,000 வருஷமாக இந்த மலைக்கு ஒரே பெயர்தான். எத்தனை ராஜ்ஜியம் வந்து போனாலும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மாற்ற வேண்டும் என்ற யோசனை வந்தது இந்த நூற்றாண்டில்தான்.

2010-ல் யானைமலையை "சிற்ப நகரம்" ஆக்கப் போவதாக ஒரு திட்டம் கிளம்பியது. மலைப் பாறைகளில் சிற்பங்கள் செதுக்கி, சுற்றுலாப் பயணிகளை வரவழைப்பதாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யானை மாதிரி தானாகவே படுத்திருக்கும் மலை. அதன் மடியில் 8-ஆம் நூற்றாண்டுக் குடைவரைகள். மேலே போனால் தீர்த்தங்கரர்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு, "இங்கே பார்க்க ஒன்றும் இல்லையே, ஏதாவது செதுக்குவோம்" என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது! கல்யாணப் பெண்ணுக்கு முகம் சரியில்லை என்று புதுசாக ஒரு முகம் ஒட்டுகிற கதைதான்.

ஒத்தக்கடை, நரசிங்கம் ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். எழுத்தாளர்களும் தொல்லியல் ஆய்வாளர்களும் கூடச் சேர்ந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பிலிருந்து பிறந்ததுதான் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கு மக்களைக் கூட்டிக்கொண்டு போய், கல்வெட்டையும் சமணப் படுகையையும் காட்டி, இட்லி கொடுத்து அனுப்புகிற அந்த நடையால் மதுரைக்காரர்கள் பலர் தங்கள் ஊரையே முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

நல்ல முடிவுதானே, அப்புறம் என்ன கோபம் என்று கேட்கலாம். திட்டம்தான் போனது, அதைப் பெற்ற புத்தி போகவில்லை. அது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு பகுதியின் கலை, கைத்தொழில், சாப்பாடு, இயற்கைக் காட்சி என்று நாலு தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிய்த்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிக்கெட் போடுகிற புத்தி அது. பெட்டிக்குள் வைத்ததைக் "காப்பாற்றி" விட்டோம், பெட்டிக்கு வெளியே இருப்பதை வெட்டி விற்கலாம் என்கிற புத்தியும் அதுவேதான். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று நினைக்க வேண்டாம்.

மேலூர்ப் பக்கத்தில் இந்த நாலு தலைப்பும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு ஒரு உதாரணம் போதும். மீன்பிடித் திருவிழா.

கோடை தொடங்கி, கண்மாயில் தண்ணீர் வற்றிக் கணுக்கால், முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊரில் நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டி ஊர்களுக்கெல்லாம் சேதி போகும். விடிவதற்கு முன்னாலேயே கரை முழுக்கக் கூட்டம். ஆண், பெண், பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஊத்தாவோ வலையோ கச்சாவோ, ஒன்றும் இல்லாவிட்டால் பழைய சேலையோ இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் கரையில் இருக்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் தடதடவென்று கண்மாய்க்குள் இறங்கும். அரை மணி நேரத்தில் தண்ணீர் சேறாகி, மீன் மூச்சு வாங்க மேலே வரும். கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி, கட்லா... யார் பிடித்தது யாருக்கு என்ற கேள்வி இல்லை. பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். அன்றைக்கு ஊரில் சாதி பார்த்து வேறு வேறு சட்டியில் கொதித்தாலும் எல்லாச் சட்டியிலும் கொதிப்பது ஒரே கண்மாய் மீன்தான். (இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் மற்ற நாள்களைப் பற்றியும் கொஞ்சம் பேசினால் நல்லது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

இதில் கைத்தொழில் எங்கே என்கிறீர்களா? ஊத்தாவைப் பார்த்திருக்கிறீர்களா? மூங்கில் குச்சிகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் பின்னிய, அடி அகன்று வாய் குறுகிய கூடை. இரண்டு பக்கமும் திறந்திருக்கும். சேற்றுத் தண்ணீரில் மீன் ஓடுகிற அசைவு தெரிந்ததும் அதன்மேல் கவிழ்த்து அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனைத் தூக்க வேண்டும். மோட்டார் இல்லை, தூண்டில் இல்லை, இரை இல்லை. குச்சிக்கும் குச்சிக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எவ்வளவு உயரம் இருந்தால் குனியாமல் கைவிடலாம் என்பதெல்லாம் பின்னுகிறவர் கைக்குத் தெரியும். இதற்குப் புவிசார் குறியீடு கிடையாது. விமான நிலையக் கடையில் விற்கவும் முடியாது. கண்மாய் இல்லாத ஊரில் ஊத்தாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோழியைத்தான் மூடி வைக்கலாம்.

அடுத்து புரவி. இந்தப் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்குப் புரவி எடுக்கிறார்கள். ஊர் கூடி வேளாரிடம் பிடிமண் கொடுக்கும். ஒரு பிடி மண்தான், ஆனால் அதைக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். கண்மாய்க் களிமண்ணைப் பிசைந்து, கால் தனி, உடல் தனி, கழுத்து தனி என்று வனைந்து, சுட்டு, வண்ணம் பூசி, ஆள் உயரக் குதிரையாக நிற்க வைத்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கோயிலில் இறக்குவார்கள். அங்கேயே வெயிலிலும் மழையிலும் நின்று, கால் உடைந்து, காது உதிர்ந்து, கடைசியில் மண்ணுக்குள்ளேயே போகும். அடுத்த எடுப்புக்குப் புதுப் புரவி. இன்றைக்குப் பெரிய ஓட்டல்களின் வரவேற்பறையில் ஒரு ஜோடிப் புரவியைக் கொண்டுவந்து, கீழே வெள்ளைக் கூழாங்கல் கொட்டி, மேலே லைட் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் புரவிக்குப் பிடிமண் யார் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். மதுரை மெஸ்களில் விலைப்பட்டியலில் உச்சத்தில் இருப்பது எது? அயிரை மீன் குழம்பு. விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு வாங்கி, பாலிலோ தண்ணீரிலோ விட்டு, அது உண்ட மணலைக் கக்க வைத்து, புளிக்குழம்பில் போட்டு இறக்குகிற சமாசாரம். அயிரை கலங்கல் இல்லாத ஓடையிலும் வாய்க்காலிலும் கண்மாய் ஓரத்திலும் வாழ்வது. சாக்கடை கலந்தால் இருக்காது. அதனால்தான் அந்த விலை. "மதுரையின் பாரம்பரிய உணவு" என்று தட்டைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள், தட்டுக்கு வந்த மீன் எந்த வாய்க்காலில் இருந்தது என்று ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும்.

கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் ஒரு போகத்துக்கு வரும். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டியது. அதற்கு முந்தைய பல நூறு வருஷமும் இந்தக் கண்மாய்கள் இருந்தன, நிரம்பின. மழை மொட்டைப் பாறையில் விழுகிறது. பாறை குடிக்காது. அப்படியே வழிந்து, சரிவில் ஓடையாகி, அடிவாரத்துக் கண்மாயில் இறங்குகிறது. ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். பாறைக்குன்றுதான் இந்த ஊர்களின் கூரை, கண்மாய்தான் அண்டா. கூரையை உடைத்துவிட்டு அண்டாவுக்குப் பெயின்ட் அடித்து என்ன பிரயோஜனம்?

இது முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு யானைமலையே சாட்சி. நரசிங்கம் குடைவரையை எடுப்பித்தவர் மாறன் காரி, பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சர். காலம் கி.பி. 770. குடமுழுக்குக்கு முன்னாலேயே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி வேலையை முடித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அதே கோயிலில் உள்ள 10-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று பேசுவது ஓர் ஏரியைப் பற்றி. மாசி மாதத்தில் திருமோகூர் காளமேகப் பெருமாள் இங்கே எழுந்தருளுவதும் குளக்கரைக்குத்தான், கஜேந்திர மோட்சத்துக்கு. முதலையிடம் மாட்டிய யானையைப் பெருமாள் காப்பாற்றும் கதையை நடத்த யானைமலை அடிவாரத்துக் குளத்தைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்! மலையும் குளமும் சேர்ந்தால்தான் அந்தத் திருவிழா. ஒன்றை எடுத்தால் மற்றது வெறும் ஊர்வலம்.

இங்கே ஒரு புத்திசாலி எழுந்து கேட்பார். "மாறன் காரியும் மலையைக் குடைந்தவர்தானே? அச்சணந்தி பெயரைப் பொறித்துத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியவர்களும் உளியை எடுத்தவர்கள்தானே? அப்போது நீங்கள் இருந்திருந்தால் அதையும் தடுத்திருப்பீர்களோ?" நல்ல கேள்வி. பதில் மலையிலேயே இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் தெரியும், நரசிங்கர் குடைவரை ஒரு அறை. முருகனும் தெய்வானையும் இருக்கும் லாடன் கோயிலும் அப்படியே, ஒரு சின்ன அறை. தீர்த்தங்கரர்கள் இருப்பது ஒரு பாறையின் நெற்றியில். சுமார் நாலு கிலோமீட்டர் நீளமுள்ள யானையின் தோலில் நாலைந்து மச்சம். யானை யானையாகவே இருந்தது, ஓடை ஓடையாகவே ஓடியது. மலையை வைத்துக்கொண்டு அவர்கள் கோயில் செய்தார்கள். 2010-ல் வந்தவர்கள் மலையையே கச்சாப்பொருளாகப் பார்த்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் உளிக்கும் வெடிக்கும்கூட வித்தியாசம் தெரியாது.

வெடி என்றதும் கீழவளவு ஞாபகம் வராமல் போகாது. அங்கேயும் குன்று, அங்கேயும் சமணர் படுகை, அங்கேயும் தமிழிக் கல்வெட்டு. சுற்றி இருந்த குன்றுகள் பல கிரானைட் பலகைகளாகக் கப்பல் ஏறிவிட்டன. 2012-ல் கலெக்டர் உ.சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார். 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. கோடிக் கணக்கைப் பற்றித்தான் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. குவாரிக் கழிவுக் கல் கொட்டி மூடிய ஓடைகளையும் கண்மாய்களையும் எந்தக் கணக்கில் எழுதுவது? ஒரு கண்மாயில் எத்தனை மீன்குழம்பு என்று ரூபாயில் மதிப்பிட எந்த அதிகாரிக்கும் படிவம் கிடையாது. படிவம் இல்லாதது இழப்பும் இல்லை!

வேடிக்கை என்னவென்றால் கீழவளவுச் சமணப் படுகை பத்திரமாக இருக்கிறது. சட்டம் அதைக் காத்தது. மத்திய தொல்லியல் துறை காக்கிற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஒன்றும் செய்யக் கூடாது, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும் என்பது 2010-ல் திருத்திய சட்டம். நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் மழைத் தண்ணீருக்கு அந்த 100 மீட்டர் கணக்குத் தெரியாதே!

இந்தப் பெட்டி போடுகிற புத்தி உச்சத்துக்குப் போனது அரிட்டாபட்டியில். ஏழு மலைகள், லகுலீசர் சிற்பம் உள்ள பாண்டியர் காலச் சிவன் குடைவரை, தமிழிக் கல்வெட்டுகள், லகர் வல்லூறு உட்பட ஏகப்பட்ட பறவைகள், சுனைகள், கண்மாய்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரிலும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சம். எல்லோரும் கைதட்டினோம். சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்து இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாகச் செய்தி வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேர் சொச்சம். அந்தப் பரப்புக்குள்ளேயே பாரம்பரியத் தலமும் இருந்தது!

எதிர்ப்பு கிளம்பியது. 2024 டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மத்திய சுரங்க அமைச்சகம் அந்த மாதக் கடைசியில் சொன்ன பதில்தான் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டியது. பாரம்பரியத் தலம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான், அதை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறுபடி வரைய முடியுமா என்று புவியியல் ஆய்வுத் துறை பார்க்கட்டும் என்றார்கள். அதாவது பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிடுகிறோம், மீதி ஒன்பது பங்கை விடுங்கள். வீட்டில் சாமி படத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டை இடிப்பது மாதிரி.

மேலூர்க்காரர்கள் ஏமாறவில்லை. பத்தில் ஒரு பங்கு கிடைத்ததே என்று வீட்டுக்குப் போகவில்லை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி பல்லாயிரம் பேர் நடந்தும் வண்டிகளிலும் மதுரைக்குள் வந்து, தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கிப் போனார்கள். முழுசாக ரத்து செய் என்பதுதான் கோரிக்கை. ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. கண்மாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தவர்களிடம் கோடு போட்டுக் காட்டி ஏமாற்ற முடியாது.

இது மதுரைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பிரேசில் நாட்டின் கடற்கரை மாநிலம் பாகியா. தலைநகர் சால்வடோர். அங்கே தெருவில் வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டுமாக உட்கார்ந்து பெண்கள் அக்கரஜே என்று ஒரு பலகாரம் விற்கிறார்கள். தட்டைப்பயறை ஊறப்போட்டு, தோல் நீக்கி, வெங்காயம் சேர்த்து அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்து, நடுவே பிளந்து இறால் வைத்துத் தருவது. நம்ம ஊர் வடைக்குக் கடல் கடந்த ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கூடவே கொண்டுவந்த சமையல், அவர்களுடைய சாமிக்கும் அதுதான் படையல். 2005-ல் இந்தப் பெண்களின் தொழிலைப் பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. அப்புறம் உலகக் கோப்பைக் கால்பந்து ஏற்பாடுகள் வந்தன. மைதானத்தைச் சுற்றி ஃபிஃபாவின் ஸ்பான்சர்கள் தவிர யாரும் விற்கக் கூடாது என்றது விதி. "தேசியச் சொத்து" வெளியே போ! பெண்கள் போராடிய பிறகுதான் 2013-ல் மைதானத்தில் இடம் கிடைத்தது.

அதே ஊரில் பெலூரின்யோ என்று பழைய நகரம். 1985-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1990-களில் மாநில அரசு வீடுகளைப் பழுது பார்த்து அழகழகாக வண்ணம் அடித்தது. அதற்காக அங்கே குடியிருந்த ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கொஞ்சம் காசு கொடுத்து வெளியேற்றியது. இன்றைக்கும் படங்களில் அந்தத் தெரு ரொம்ப அழகு. மஞ்சள் வீடு, நீல வீடு, ரோஸ் வீடு. அந்த வீடுகளில் முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது படத்தில் வராது. யானைமலை சிற்ப நகரமாகியிருந்தால் நரசிங்கத்துக்காரர்களுக்கும் படத்துக்கு வெளியேதான் இடம்.

"சுற்றுலா வந்தால் வேலை வரும், அதையும் கெடுக்கிறீர்களா?" என்று அடுத்த கேள்வி. என்ன வேலை? கார் பார்க்கிங்கில் சீட்டுக் கிழிக்கிற வேலை, கழிப்பறை வாசலில் காசு வாங்குகிற வேலை. ஏலம் எடுப்பவர் வேறு ஊர்க்காரராக இருப்பார். நெல் விதைத்து, பொங்கலுக்குக் கரும்பு வெட்டி, கண்மாய் குத்தகையில் ஊர்ப் பொதுக்கணக்குக்குப் பணம் சேர்த்து வாழ்கிற ஊர்களைப் பார்த்து "வேலை இல்லாத இடம்" என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ! சுற்றுலா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரட்டும், நடந்து ஏறட்டும், பார்க்கட்டும், ஒத்தக்கடையில் டீ குடிக்கட்டும். மலையை மாற்றாமல் வந்து பார்க்கிறவரால் யாருக்கும் நஷ்டமில்லை.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுக் கிளம்பவும் முடியாது. மதுரையைச் சுற்றியுள்ள சமணப் படுகைகளில் காதலர் பெயரையும் அம்பு விட்ட இதயத்தையும் பொறித்தது எந்த அரசாங்கம்? பாறை மேல் உடைந்து கிடக்கும் பாட்டில்களை எந்தக் குவாரி முதலாளி கொண்டுபோய்ப் போட்டார்? வாட்ஸ்அப்பில் "மதுரைக்காரன்டா" என்று மீசை முறுக்கிய படம் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு லாடன் கோயில் இருக்கும் திசை தெரியும்? பெருமைக்குக் குறைச்சல் இல்லை. மாட்டுத்தாவணியிலிருந்து கொஞ்ச தூரம்தான், டவுன் பஸ் போகிறது.

அரிட்டாபட்டிக்குக் கொடுத்த மாதிரி யானைமலைக்கும் ஒரு பட்டம் கொடுங்கள் என்று கேட்பது சுலபம். கேட்கவும் வேண்டும். ஆனால் பட்டம் கொடுத்த இரண்டாவது வருஷமே ஏலம் விட்டதைப் பார்த்த பிறகு அது மட்டும் போதும் என்று நம்புகிறவர் ரொம்ப அப்பாவி. கேட்க வேண்டியது மலை, அதிலிருந்து இறங்கும் ஓடைகள், ஓடை சேரும் கண்மாய்கள், கண்மாய் பாயும் வயல் எல்லாவற்றையும் ஒரே சொத்தாக எழுது என்பதை. குடைவரைக்கு ஒரு துறை, பறவைக்கு ஒரு துறை, கண்மாய்க்கு ஒரு துறை, கல்லுக்கு ஒரு துறை என்று பங்கு பிரித்து வைத்திருக்கும்வரை கல்லுக்கான துறைதான் ஜெயிக்கும், ஏனென்றால் அதில்தான் காசு. மதுரை கிழக்கிலோ மேலூரிலோ இனி எந்தத் திட்டத்துக்குக் கோப்பு திறந்தாலும், முதல் பக்கத்தில் அந்தக் குன்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் கண்மாய்களின் பெயர்களையும் அவற்றின் ஆயக்கட்டு ஏக்கரையும் எழுதச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். பெயர் விட்டுப்போனால் அங்கேயே சொல்லித் திருத்த ஆள் இருக்கிறார்கள், ஊத்தாவோடு அந்தக் கண்மாயில் இறங்கியவர்கள்.